பட்டுவின் இடது பக்கம்

முந்தாநாள் காலையில் ஒரு பெண் ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்தாள். பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கி நேரே வந்திருக்கிறாள். தலையில் பூசிய சந்தனம் இன்னும் முழுசாகக் காயவில்லை. டேப்பை அவள் தோளில் வைத்ததும் அந்த வாசனை என் மூக்கில் ஏறியது. அளவெடுக்கும்போது என் கை நடுங்காது என்பது உனக்குத் தெரியும். முந்தாநாள் நடுங்கியது. டேப் நழுவிக் கீழே விழுந்துவிட்டது.

அதோடு விட்டேனா? அந்தப் பெண்ணிடம், "எதுக்கும்மா மொட்ட போட்ட? என்ன வேண்டுதல்?" என்று கேட்டுவிட்டேன். அவள் திகைத்துப் போனாள். முன்பின் பழக்கமில்லாத ஒருத்தி, அதுவும் முக்காடு போட்ட பொம்பளை, சாமிக்கும் தனக்கும் நடுவில் இருப்பதைக் கேட்கிறாளே என்று அவளுக்குத் தோன்றியிருக்கும். "மகனுக்கு வேல கெடச்சுச்சுக்கா" என்றாள். நிஜந்தானா என்று மறுபடியும் கேட்டேன். "உடம்புக்கு ஒண்ணுமில்லைல்ல?" என்றும் கேட்டேன். "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, துணியை மேஜையில் வைத்துவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கிளம்பினாள். இனி என்னிடம் தைக்க வரமாட்டாள் என்று நினைக்கிறேன்.

உன்னிடம் கேட்காமல் விட்டதை வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம். இதை எந்த முகவரிக்குப் போடுவது என்று எனக்குத் தெரியாது. அளவு நோட்டில் உன் அளவுகள் இருக்கிற பக்கத்துக்கு எதிர்ப் பக்கம் காலியாக இருந்தது, அதில் தொடங்கியிருக்கிறேன்.

பதினாறு வருஷம் நாம் ஒரே காம்பவுண்டில் இருந்தோம். பேகம்பூரில் ஒரு சந்துக்குள் ஒரே கேட், இரண்டு வீடு. முன்னால் நாங்கள், பின்னால் நீ. நீ பழனிப் பக்கம் நெய்க்காரப்பட்டிக்காரி, மில் ஆபீஸில் வேலை, தனி ஆள். கல்யாணம் ஒன்று நடந்து இரண்டே வருஷத்தில் முறிந்துபோனதை ஒரு தடவை சொன்னாய். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. என் வாய் நீளம் என்பது தெருவுக்கே தெரியும். உன் விஷயத்தில் மட்டும் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டேன். அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. முதல் மூன்று வருஷம் நீ என்னை 'வாங்க, போங்க' என்றாய். பிறகு 'வா புள்ள' என்று ஆயிற்று. கோபமோ சங்கடமோ வந்தால் மட்டும் பழைய மரியாதை திரும்பிவிடும். "நீங்களே சாப்ட்டுக்கங்க" என்று நீ சொன்னால், அன்றைக்கு நான் ஏதோ தப்பாகப் பேசியிருக்கிறேன் என்று அர்த்தம்.

பட்டு வந்த நாள் நினைவிருக்கிறதா? உன் அண்ணன் மகள் கோயம்புத்தூரில் காலேஜ் சேர்ந்தாள். விடுதியில் பிராணி வளர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால், ஆசைக்கு வாங்கிய எலிக்குஞ்சைக் கூண்டோடு உன்னிடம் விட்டுவிட்டுப் போனாள். ஒரு மாதத்தில் வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. வரவேயில்லை. உடம்பெல்லாம் வெள்ளை, தலையும் கழுத்தும் மட்டும் சாம்பல் நிறம். "என்னடி இது, உன் எலி எங்க வீட்டுப் புள்ள மாதிரி முக்காடு போட்டிருக்கு" என்று நான் சொன்னதற்கு நீ புரையேறும் அளவுக்குச் சிரித்தாய். அதன் முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாய். வருஷம் முழுக்கப் பட்டுத் துணியும் பனாரஸும் தொட்டுப் பழகிய விரல் என்னுடையது. அந்த விரலுக்கே கூச்சமாக இருந்தது, அவ்வளவு மென்மை. பெயர் வைத்தது நான்தான்.

என் வீட்டுக்காரருக்கு மட்டும் பிடிக்கவில்லை. தோல் மண்டியில் நாள் முழுக்க ஆட்டுத்தோலும் உப்புமாகப் புழங்குகிற மனுஷன், உப்பு தின்ன வருகிற எலிகளோடு இருபது வருஷமாகப் போராடுகிறவர். "தொழுகை நடக்குற வீடு. அது இந்தப் பக்கம் வந்துச்சுன்னா நான் அந்தப் பக்கம் போயிருவேன், பாத்துக்க" என்றார். நீ பயந்துபோய் ஒரு வாரம் பட்டுவை வெளியிலேயே விடவில்லை.

சாயங்காலம் நீ ஆபீஸிலிருந்து வந்து காப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் அது உன் மேல் ஏறிவிடும். நீ இரண்டு கையையும் மூடி நீட்டுவாய்; ஒன்றில்தான் வேர்க்கடலை இருக்கும். பட்டு ஒரு தடவைகூட வெறுங்கையைத் தொட்டதில்லை. நான் ஏமாற்றப் பார்ப்பேன், கடலையைத் தேய்த்த கையைக் காலியாக நீட்டுவேன், அப்போதும் ஏமாறாது. "இவ பொய் சொல்ல மாட்டா புள்ள" என்பாய். என்னமோ உன் மகள் பரீட்சையில் முதல் மார்க் வாங்கிவிட்ட மாதிரி முகம் மலர்ந்திருக்கும்.

அப்புறம் அது உன் இடது கக்கத்துக்குக் கீழே போய் ஒட்டிக்கொள்ளும். நைட்டிக்கு மேலேதான், ஆனால் அதே இடம், தினமும் அதே இடம். முதலில் சூட்டுக்குப் போகிறது என்று நினைத்தோம். சித்திரை வெயிலிலும் அங்கேதான் போனது. தூங்குவதாகவும் தெரியவில்லை. கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பேச்சை ஒட்டுக்கேட்கிறவள் மாதிரி அசையாமல் கிடக்கும். நான் அதைத் தூக்கி உன் வலது பக்கம் வைத்தால் மெதுவாக முதுகைச் சுற்றிக்கொண்டு மறுபடி இடது பக்கம் வந்துவிடும். எனக்கு ஒரு தடவை உடம்பு சிலிர்த்தது. உன்னிடம் சொல்லவில்லை.

ஆடி மாதம் நீ பட்டுவைத் தூக்கிக்கொண்டு என் தையல் அறைக்கு வந்தாய். "ஏ புள்ள, இங்க பாரேன், முடி போயிருச்சு" என்றாய். பார்த்தேன். முன்னங்காலுக்குக் கீழே, இடது பக்கம், கட்டைவிரல் நகம் அளவுக்கு முடியே இல்லை. சொறிந்த தழும்பு இல்லை, புண் இல்லை, பொடுகு இல்லை. அதன் ஓரம் சவரம் செய்தது மாதிரி வழவழவென்று இருந்தது. உள்ளே ரோஸ் நிறத்தில் தோல். கூண்டைக் கவிழ்த்துத் தட்டினோம். துணியை உதறினோம். உன் வீட்டைக் கூட்டிப் பெருக்கிக் குப்பையை முறத்தில் போட்டு நான் ஊசி தேடுவது மாதிரி தேடினேன். ஒரு முடி கிடைக்கவில்லை. அவ்வளவு முடி எங்கே போயிருக்கும் என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது.

அன்றைக்கு நீ எப்படி நின்றாய் என்பதைத்தான் நான் இப்போது திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். வலது கையில் பட்டு. இடம் காட்டும்போது எலியின் உடம்பில் காட்டவில்லை. இடது கையை மடக்கி, உன் கக்கத்துக்குக் கீழே, உன் மேலேயே வைத்துக் காட்டினாய். "இங்க, இந்த எடத்துல." நான் எலியைத்தான் பார்த்தேன். "வலிக்குதா அதுக்கு?" என்று கேட்டேன். "வலியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றாய். சங்கடம் வந்தால் மட்டும் வருகிற அந்தப் பழைய மரியாதை அன்றைக்கு வந்தது. அதையும் நான் கவனிக்கவில்லை.

காரணம் கண்டுபிடிக்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். எதையும் தலையில் இழுத்துப் போட்டுக்கொள்கிற புத்தி எனக்கு. முதல் பழி என் வீட்டுக்காரர் மேல்தான். தோல் பதனிடுகிற ஷாப்பில் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைப்பார்கள். நாலைந்து நாளில் வேர் இளகி, கையால் தேய்த்தாலே முடி கழன்று வந்துவிடும். கல்யாணமான புதிதில் அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போய் அதைக் காட்டியிருக்கிறார். முடி போன தோல் இதே மாதிரி ரோஸ் கலந்த வெளுப்பில் வழவழவென்றுதான் இருக்கும். அவர் சட்டையில் ஒட்டிவந்த சுண்ணாம்பு, ஒரே கொடியில் காயப்போட்ட உன் துணியில் இறங்கி, அதிலிருந்து எலிக்கு வந்திருக்கிறது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். "நான் மண்டியில இருக்கவன். சுண்ணாம்புக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? உப்புப் பட்டா முடி கொட்டாது, கெட்டிப்படும்" என்று அவர் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து அவர் சட்டையைத் தனிக் கொடியில் போட்டேன்.

சுண்ணாம்பு இல்லை என்று ஆனதும் வேப்பெண்ணெய். அப்புறம் கற்பூரம் கலந்த தேங்காய் எண்ணெய். வேர்க்கடலை உடம்புக்குச் சூடு என்று நிறுத்திவிட்டு வெள்ளரிக்காய். கடைசியில் நான்தான் உன்னை மாட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கூண்டின் மேல் என் துப்பட்டாவைப் போட்டு மூடி எடுத்துக்கொண்டு போனோம். நமக்கு முன்னால் எரியோடு ஊர்க்காரர் ஒருத்தர் வயிறு உப்பிய ஆட்டோடு நின்றார். "என்ன தாயி, கோழியா?" என்று கேட்டார். எலி என்றதும் அந்த மனுஷர் தன் ஆட்டின் கஷ்டத்தையும் மறந்து சிரித்தார். நீ சிரிக்கவில்லை.

டாக்டர் சின்ன வயசுக்காரர், பொறுமையானவர். கண்ணாடி வைத்துப் பார்த்தார், லேசாகச் சுரண்டி எடுத்துச் சோதித்தார். பேன் இல்லை, படை இல்லை. "காரணம் தெரியலம்மா" என்று ஒளிக்காமல் சொன்னார். நீ மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, "பயப்பட வேண்டியதுங்களா?" என்று கேட்டாய். "அப்படி ஒண்ணும் தெரியல. தானா சரியாயிரும். மூணு மாசம் பாருங்க" என்றார். நீ மூச்சை விட்டாய். அந்த மூச்சு என் காதில் இன்னும் இருக்கிறது. பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு, "மூணு மாசம் பாக்கலாம்னு சொல்லிட்டாரு" என்று இரண்டு தடவை சொன்னாய். ஒரு எலிக்கு இவ்வளவு நிம்மதியா என்று நான் உன்னைக் கிண்டல் செய்தேன். அந்த வார்த்தையை நீ யாருக்காக வாங்கிக்கொண்டு வந்தாய் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அதை உனக்கு வாங்கிக் கொடுத்ததே நான்தான் என்பதும் தெரியாது.

அந்த மூன்று மாதமும் நீ சொன்னபடியே பார்த்துக்கொண்டுதான் இருந்தாய். வழுக்கை கட்டைவிரல் நகம் அளவிலிருந்து எட்டணாக் காசு அளவு, அப்புறம் ரூபாய் அளவு என்று ஆயிற்று. தீபாவளிக்குத் துணி எடுத்துக்கொண்டு வந்தாய். டேப்பை எடுத்தேன். "பழைய அளவுலயே தெச்சுரு புள்ள" என்றாய். அதெப்படி, இளைத்திருக்கிறாய், தோள் தொங்குமே என்றேன். "தொங்குனாத் தொங்கட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் தொழிலை மதிக்கவில்லை என்று நினைத்தேன். ஊர்ப் பெண்கள் பாதிப் பேரின் உடம்பை இஞ்சுக் கணக்கில் சொல்லுகிறவள் நான். யாருக்குப் பிள்ளை தங்கியிருக்கிறது என்பதை மாமியாருக்கு முன்னால் கண்டுபிடிக்கிறவள் நான். அந்த டேப்பை நீ ஏன் கிட்டே வரவிடவில்லை என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. பதினைந்து நாள் பேசாமல் இருந்தேன். இருந்த நாளே கொஞ்சம், அதில் பதினைந்தை நானே தொலைத்தேன்.

கார்த்திகை முதல் வாரத்தில் ஒரு நாள் கேட் திறக்கும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். நீ மொட்டைத் தலையில் சந்தனத்தோடு நின்றாய். இடுப்பு வரைக்கும் இருந்த முடி. தலை சின்னதாக, காது பெரிதாகத் தெரிந்தது. "பழனிக்குப் போயிருந்தேன்" என்றாய். எங்கள் ஊரில் அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். நெய்க்காரப்பட்டிக்காரி பழனியில் முடி இறக்கினால் அதில் கேள்விக்கு இடமேது? மில்லிலும் யாரும் கேட்கவில்லை. தெருவிலும் கேட்கவில்லை. நான் கேட்காததற்கு இன்னும் ஒரு காரணம் உண்டு. நான் துஆவில் என்ன கேட்கிறேன் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. உன் வேண்டுதலை நானும் கேட்கக் கூடாது. பதினாறு வருஷம் நமக்குள் இருந்த மரியாதை அது. "நல்லாத்தான் இருக்கு. இனிமே எலியும் நீயும் ஒண்ணு" என்று சொன்னேன். நீ சிரித்துக்கொண்டே உள்ளே போனாய். இதைச் சொன்ன நாக்கை என்ன செய்வது?

அதற்குப் பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை கோயம்புத்தூர் போக ஆரம்பித்தாய். அண்ணன் மகளைப் பார்க்க என்றாய். அந்த நாட்களில் பட்டு என் தையல் அறையில் இருக்கும். நீ கிளம்பின அன்றைக்குச் சாப்பிடாது. நீ திரும்பி வருகிற அன்றைக்கு, நீ கேட்டுக்கு வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் எழுந்து கம்பியில் மூக்கை வைத்துக்கொள்ளும். நீ எந்தப் பஸ்ஸில் வருகிறாய் என்பது எனக்கே தெரியாதபோது அதற்கு எப்படித் தெரிந்தது? ஒவ்வொரு தடவை நீ வந்த பிறகும் அதன் இடது பக்கம் இன்னும் கொஞ்சம் முடி போயிருக்கும். மாசியில் அதன் விலா முழுக்க முடி இல்லாமல், மூச்சு விடுவது தோலுக்கு அடியில் தெரிந்தது. வலது பக்கம் ஒரு முடி குறையவில்லை. வலது பக்கத்திலிருந்து பார்த்தால் பழைய பட்டு. இடது பக்கத்திலிருந்து பார்த்தால் வேறு ஏதோ. நான் அதற்குப் பருத்தித் துணியில் சின்னதாக ஒரு சட்டை தைத்துப் போட்டேன். உனக்கு எதுவும் தைத்துத் தரவில்லை.

பங்குனியில் போன தடவை நீ திரும்பி வரவில்லை. அன்றைக்கு மத்தியானம் நான் மெஷினில் உட்கார்ந்திருந்தேன். கூண்டுக்குள் ஏதோ இழுபடுகிற சத்தம். பட்டு நான் போட்ட சட்டையைக் கழற்றி ஒரு மூலையில் தள்ளிவிட்டு, வலது பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தது. அது அந்தப் பக்கமாகப் படுத்து நான் பார்த்ததே இல்லை. செத்துவிட்டதோ என்று விரலை நீட்டினேன். கண் திறந்துதான் இருந்தது. சரியாக அந்த நேரத்தில் போன் அடிக்கவில்லை. அப்படியெல்லாம் நான் கதை கட்டமாட்டேன். சாயங்காலம்தான் உன் அண்ணன் பேசினார்.

நெய்க்காரப்பட்டியில் உன் அண்ணன் வீட்டு வாசலில், தென்னங்கீற்றுப் பந்தலுக்குக் கீழே, நான் உன்னைப் பார்த்தேன். சின்னக் குழந்தைக்குப் போல் தலையில் பூனைமுடி முளைத்திருந்தது. உன் அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றார். "ஏனுங்க, உங்களுக்குத் தெரியாதுங்களா? பதினாறு வருசம் ஒண்ணா இருந்தீங்களே, உங்ககிட்டச் சொல்லியிருப்பான்னு நெனச்சனுங்க" என்றார். மார்பில் கட்டி, இடது பக்கம். முதலில் தெரிந்தபோது நெல்லிக்காய் அளவாம். டாக்டரிடம் காட்டுவதற்கு நாலு மாசம் தாமதம் செய்துவிட்டாயாம். "அந்த எலிதானுங்க மொதல்ல காட்டுச்சுன்னு சொன்னா. அது படுக்கற எடத்துல கைய வெச்சுப் பாத்தாளாம்." மொட்டையைப் பற்றிக் கேட்டேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன். "ஊசி போட்டா முடி கொட்டும்னு டாக்டரு சொன்னாருங்க. கொட்டறதுக்கு முன்னாடி சாமிக்குக் குடுத்தர்றேன், அப்பறம் ஆரும் கேக்க மாட்டாங்கன்னு சொன்னாளுங்க."

நீ நினைத்தது சரி. யாரும் கேட்கவில்லை.

உன் மேல் எனக்குக் கோபம் இருந்தது. இப்போதும் இருக்கிறது. என்னிடம் சொன்னால் நான் அழுது ஊரைக் கூட்டுவேன் என்று பயந்தாயா? கூட்டியிருப்பேன்தான். ஆனால் டேப்பை எடுக்காமல் கையை வைத்துப் பார்த்திருப்பேன், அன்றைக்கே உன்னை இழுத்துக்கொண்டு ஓடியிருப்பேன். உன்னைவிட என் மேல்தான் கோபம் அதிகம். ஒரு எலியின் வழுக்கையை எட்டு மாதம் தடவித் தடவிப் பார்த்தவள் உன் தலையை ஒரு தடவை தொட்டுப் பார்க்கவில்லை.

பட்டு என்னிடமே இருந்துவிட்டது. நீ போன அடுத்த வாரத்தில் அதன் இடது பக்கத்தில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி முளைக்க ஆரம்பித்தது. எந்த மருந்தும் போடவில்லை. நாற்பதாம் நாள் எங்கள் வழக்கப்படி உன் பெயரைச் சொல்லி நாலு ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுத்தேன். அன்றைக்குப் பார்த்தால் முழுசாக மூடிவிட்டது. எங்கே வழுக்கை இருந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. வேறு யாராவது சந்தோஷப்பட்டிருப்பார்கள். எனக்கு அந்த எலியைப் பார்க்கவே பயமாக இருந்தது.

இனிமேல் சொல்வதுதான் நான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம். முந்தாநாள் என் கை நடுங்கியதற்கும் அதுதான் காரணம்.

ஒரு மாதத்துக்கு முன்னால் பட்டுவைக் குளிப்பாட்டினேன். தாடைக்குக் கீழே, அந்தச் சாம்பல் முக்காடு முடிகிற இடத்தில், என் விரலுக்கு வழவழவென்று தட்டுப்பட்டது. திருப்பிப் பார்த்தேன். கட்டைவிரல் நகம் அளவு, சவரம் செய்த மாதிரி. கூண்டைக் கவிழ்த்தேன், பெருக்கினேன், முறத்தில் போட்டுத் தேடினேன். ஒரு முடி கிடைக்கவில்லை. சாம்பல் முடி, வெள்ளைத் தரையில் தெரியாமல் இருக்குமா?

நான் பெருக்கின இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் தைக்கும்போது அது சில சமயம் என் தோளில் வந்து உட்காரும், கழுத்தில் மூக்கை வைக்கும். அப்படியென்றால் எனக்குத்தான் என்று முடிவு செய்துகொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. பார்த்தாயா, நீ செய்ததையேதான் நானும் செய்தேன். எட்டு நாள் கழித்துப் பயம் தாங்காமல், லைனிங் துணி எடுக்கப் போவதாகப் பொய் சொல்லிவிட்டு மதுரைக்குப் போய்க் கழுத்தை ஸ்கேன் எடுத்துப் பார்த்தேன். எதுவும் இல்லை. சுத்தமாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். வீடு வந்து இரண்டு ரக்அத் தொழுதேன். எழுந்து வந்து பட்டுவைப் பார்த்தேன். வழுக்கை இன்னும் பெரிதாகியிருந்தது.

எனக்கு இல்லையென்றால் யாருக்கு? வீட்டில் நாங்கள் இரண்டே பேர். இவர்தான் எலியைக் கண்டால் ஆகாதவராயிற்றே என்று நான் அந்தப் பக்கம் யோசிக்கவே இல்லை.

நேற்று மத்தியானம் நூல் வாங்கப் போனவள், பர்ஸை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்தேன். மண்டியில் காலை வியாபாரம் முடிந்தால் இவர் வந்து செத்த நேரம் சாய்ந்திருப்பது வழக்கம். ஈஸிச்சேரில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். சட்டையின் மேல் பட்டன் இரண்டும் திறந்திருந்தன. காலருக்குள், தொண்டைக்குழிக்குப் பக்கத்தில், பட்டு. தூங்கவில்லை. கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு, அசையாமல், உன் கக்கத்தில் கிடந்த மாதிரியே கிடந்தது. என்னைப் பார்த்தது. நகரவில்லை.

என் நிழல் விழுந்து இவர் விழித்துக்கொண்டார். திருடி மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி எழுந்து உட்கார்ந்தார். "சும்மா வருது. வெரட்டுனாலும் போக மாட்டேங்குது" என்றார்.

"எம்புட்டு நாளா?"

"ரெண்டு மூணு மாசமா. நீ கடைக்குப் போனா வரும். பாவம், அதுக்கும் ஆளு இல்லைல." சொல்லிவிட்டுத் தொண்டையைச் செருமினார். குரல் கரகரத்தது. அந்தக் கரகரப்பையும் நான் இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். உப்புத் தூசி என்று சொன்னார். மிளகுப் பால் காய்ச்சிக் கொடுத்தேன். பட்டு மெதுவாக இறங்கி அவர் மடிக்கு வந்தது. "இங்க பாத்தியா, இந்த எடத்துல இதுக்கு முடி போயிருச்சு" என்றார். சொல்லும்போது அவர் கை எலியிடம் போகவில்லை. அவர் தொண்டைக்குப் போனது.

நான் எலியைப் பார்க்கவில்லை. இந்தத் தடவை பார்க்கவில்லை.

"கைய எடுங்க" என்றேன்.

"எதுக்கு?"

"எடுங்கன்னா எடுங்க. நான் தொட்டுப் பாக்கணும்."

அவர் எடுத்தார். நான் கழுத்தைத் தடவினேன். துணியின் உள்மடிப்பில் முறிந்த ஊசிமுனை கிடந்தாலும் கண்டுபிடிக்கிற விரல்கள் இவை. வலது பக்கம், குரல்வளைக்குப் பக்கத்தில், புளியங்கொட்டை அளவுக்கு ஒன்று இருந்தது. அழுத்தினால் நகரவில்லை. "வலிக்குதா?" என்றேன். "வலியெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றார். அந்தப் பதிலை நான் ஏற்கெனவே ஒரு தடவை கேட்டிருக்கிறேன்.

நாளைக்கே மதுரைக்குப் போகவேண்டும் என்றேன். சண்டைக்கு வந்தார். "பக்ரீத் முடியட்டும். இன்னும் இருபது நாளுதான. வருசத்துத் தோலு பாதி அந்த மூணு நாள்லதான் வருது. நான் இல்லாம மண்டி என்னாகும்?" என்றார். நீ மூன்று மாதம் கேட்டாய், இவர் இருபது நாள் கேட்கிறார். "பக்ரீத் அடுத்த வருசமும் வரும். நீங்க இருக்கணும்ல" என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் நான் கத்தியிருக்கிறேன் என்று தெரிந்தது. அவர் திறந்திருந்த சட்டைப் பட்டன்களை மாட்டினார். மடியில் இருந்ததைப் பார்த்துக்கொண்டே, "இந்த எலிய எங்கயாச்சும் கொண்டுபோய் விட்டுரு" என்றார். குரலில் பயம் இருந்தது. கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் அவர் பயந்து நான் பார்த்ததில்லை.

"அது கொண்டாந்து குடுக்கலைங்க. காட்டத்தான் செய்யுது" என்றேன். எனக்கு அது உறுதியாகத் தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கும்.

இன்று காலையில் மதுரைக்குப் போய்விட்டு இப்போதுதான் திரும்பினோம். ஊசி வைத்து உறிஞ்சி எடுத்திருக்கிறார்கள். முடிவுக்கு நாலு நாளாகுமாம். சின்னதுதான், சீக்கிரமே வந்துவிட்டீர்கள் என்று டாக்டர் சொன்னார். 'சீக்கிரமே' என்ற அந்த ஒரு வார்த்தையை நான் பஸ்ஸில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தேன். இவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். நான் ஜன்னலைப் பார்க்கவில்லை. ஊர் வந்து சேரும் வரைக்கும் என் கை அவர் கழுத்தில்தான் இருந்தது. பக்கத்து சீட்டில் இருந்தவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

பட்டு கூண்டுக்குள் கம்பியில் மூக்கை வைத்து நிற்கிறது. அதைத் தூக்கி எங்கெங்கே முடி இருக்கிறது, எங்கே இல்லை என்று பார்க்கிற வழக்கத்தை இன்றோடு விட்டுவிட்டேன். உன் அளவு எழுதின பக்கத்தில் கக்கத்துச் சுற்றளவு என்று என் கையெழுத்தில் ஒரு எண் இருக்கிறது. அந்த இடத்தில் நான் டேப்பை மட்டும்தான் வைத்திருக்கிறேன், கையை வைத்ததில்லை. இனிமேல் யார் என் முன்னால் வந்து நின்றாலும், எதைக் காட்டினாலும், அவர்கள் கை எங்கே போகிறது என்று பார்ப்பேன். பார்த்துவிட்டுக் கேட்பேன். கோபித்துக்கொண்டு தைக்க வராமல் போனால் போகட்டும், புள்ள.